நீதிபதி அல்லாதவர் எடுக்கும் சனிக்கிழமை முடிவுகள்

நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தின் முதல் தளத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வான்கூவர் அருகே வசிக்கும் அவருடைய மகள் அனுப்பிய நான்கு பக்க ஆவணத்தை அச்செடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். விவாகரத்துக்குப் பிறகு அவருடைய எட்டு வயதுப் பேத்தி தாயிடமும் தந்தையிடமும் முறை வைத்து வளர்கிறாள். சனிக்கிழமை காலையில் நடக்கும் தமிழ் வகுப்பு தந்தையின் நேரத்தில் குறுக்கிடுவதால், இனி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மட்டுமே குழந்தை அந்த வகுப்புக்குச் செல்ல வேண்டும் என்று அந்த ஆவணம் முடிவு செய்திருந்தது. கையெழுத்திட்டிருந்தவர் ஒரு பெற்றோர் ஒருங்கிணைப்பாளர். டீச்சர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "இவர் ஜட்ஜ் இல்லையேம்மா, என் பேத்தி தமிழ் படிக்கிறதை இவர் எப்படித் தீர்மானிக்கலாம்?"

நான் சென்னைக் குடும்ப நல நீதிமன்றங்களில் பதினெட்டு ஆண்டுகளாக வழக்காடி வருகிறேன். கனடா நாட்டுச் சட்டம் என் தொழில் அல்ல என்பதையும், மகள் அங்குள்ள வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும் என்பதையும் முதலில் சொல்லிவிட்டேன். இருந்தாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, ஏனென்றால் அதே கேள்வியை ஒருமுறை ஒரு தாய் என்னைப் பற்றியே கேட்டிருக்கிறார். அதைப் பிறகு சொல்கிறேன். டீச்சரின் அனுமதி பெற்று, குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன்.

குழந்தை யாரிடம் வளரும், யார் எப்போது பார்க்கலாம் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டால் சண்டை முடிந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அதன்பிறகுதான் சில்லறைத் தகராறுகள் தொடங்குகின்றன. குழந்தையை வாசலில் விடுவதா, தெருமுனையில் விடுவதா; காய்ச்சல் என்றால் அந்த வாரச் சந்திப்பு ரத்தா, அடுத்த வாரத்துக்கு ஒத்திவைப்பா; பள்ளி ஆண்டு விழாவில் முன்வரிசையில் யார் உட்காருவது என்பவற்றுக்கெல்லாம் உத்தரவில் பதில் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் மனுப் போட்டு, எதிர்மனு வாங்கி, வாய்தாவுக்கு மேல் வாய்தா என்று காத்திருந்தால், ஆண்டு விழா முடிந்து அடுத்த ஆண்டு விழாவே வந்துவிடும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெற்றோர் ஒருங்கிணைப்பாளர் என்ற ஏற்பாடு வந்தது. பெரும்பாலும் குடும்பச் சட்ட வழக்கறிஞராகவோ மனநல வல்லுநராகவோ இருக்கும் ஒருவர், முதலில் இருவரையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவர முயல்கிறார். அது முடியாதபோது, தமக்குத் தரப்பட்ட வரம்புக்குள் தாமே முடிவு செய்கிறார், அல்லது நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கிறார். முடிவா, பரிந்துரையா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஓக்லஹோமா மாநிலம் 2001-லேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

டீச்சரின் மகள் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவில், 2013 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டத்தில் இதற்கான பிரிவுகள் உள்ளன. ஒருங்கிணைப்பாளரைப் பெற்றோர் ஒப்பந்தத்தின் மூலமும் அமர்த்தலாம், நீதிமன்ற உத்தரவின் மூலமும் அமர்த்தலாம். பதவிக்காலம் இரண்டு ஆண்டுகளுக்கு மிகாது, வேண்டுமானால் நீட்டிக்கலாம். அன்றாட நேர ஒழுங்கு, குழந்தையை ஒப்படைக்கும் முறை, பொழுதுபோக்கு வகுப்புகள் போன்றவற்றில் அவர் முடிவெடுக்கலாம். யார் காப்பாளர் என்பதிலோ, பெற்றோருக்கு உரிய நேரத்தைப் பெரிய அளவில் மாற்றுவதிலோ, குழந்தையை வேறு ஊருக்குக் கொண்டு செல்வதிலோ அவர் கை வைக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அவருடைய வரம்புக்குள்தான் வருகிறது. டீச்சரின் முகம் வாடியது.

ஆனால் அந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு நீதிமன்றத்தின் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் தம் அதிகாரத்தை மீறியிருந்தாலோ, சட்டப் பிழையோ, சட்டமும் உண்மைகளும் கலந்த பிழையோ செய்திருந்தாலோ, நீதிமன்றம் அவருடைய முடிவை மாற்றலாம் அல்லது நீக்கலாம். அந்தச் சொற்களை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்த்தால், அங்கே இல்லாத ஒன்று கண்ணில் படும். உண்மை விவரத்தில் மட்டும் நேர்ந்த பிழை அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ் வகுப்பு இரண்டு மணி நேரம் நடக்கிறது. முடிவில் மூன்று மணி நேரம் என்று எழுதப்பட்டிருக்கிறது. மகளின் கோபம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தின் மீதே இருந்தது. அதை மட்டும் காட்டி அந்த முடிவை உடைப்பது எளிதன்று. அதே ஆவணத்தில் என் கண்ணுக்கு வேறொன்று பெரிதாகத் தெரிந்தது. ஒருங்கிணைப்பாளர் குழந்தையின் நலனை மட்டுமே கருத வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த நலனை அளக்கும் அம்சங்களில், பொருத்தமற்றது என்று கருதினாலொழிய, குழந்தையின் விருப்பமும் ஒன்று. நான்கு பக்கங்களிலும் தந்தையின் வேலை நேரம் இருந்தது, தாயின் பயண நேரம் இருந்தது, வகுப்புக் கட்டணம்கூட இருந்தது. அந்தச் சிறுமிக்கு அந்த வகுப்பு பிடிக்குமா என்று கேட்டதற்கோ, கேட்க வேண்டியதில்லை என்று கருதியதற்கோ ஒரு வரிகூட இல்லை. கட்டாயம் கருத வேண்டியதைக் கருதாமல் விட்டது, ஒரு மணி நேரக் கணக்குப் பிழையைவிட வேறு தரத்தைச் சேர்ந்தது. அங்குள்ள வழக்கறிஞரிடம் இதைக் கேட்கச் சொல்லி மகளுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். நம் சட்டத்தில் பெற்றோர் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் கிடையாது. 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டத்திலும் இல்லை, 1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்திலும் இல்லை. 1984-ம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களையும், 12-வது பிரிவின்கீழ் வல்லுநர்களின் உதவியையும் தருகிறது. அவர்களுக்குத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை. ஆனால் நடைமுறையில், சந்திப்பு சுமுகமாக நடக்கிறதா என்று பார்க்க நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிப்பது உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில் அப்படி நான் நியமிக்கப்பட்டேன். ஆறு வயதுப் பையன். தாயிடம் வளர்ந்தான். தந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா நகர் டவர் பூங்காவில் அவனைப் பார்ப்பார். நான் சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். தீபாவளியன்று காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை பையன் தந்தை வீட்டில் இருக்கலாம் என்று உத்தரவு சொன்னது.

தீபாவளியில் காலை 10 மணி என்பது பண்டிகை முடிந்து, இலையில் டிபன் வைக்கிற நேரம். விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் தடவிய புதுச் சட்டை போட்டு, முதல் வெடியைக் கொளுத்துவதுதான் ஒரு குழந்தைக்குத் தீபாவளி. பையனின் பாட்டிக்கு எண்பது வயது. என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு வருஷம் என் கையால எண்ணெய் வச்சு விடறேனே, அவ்வளவுதான்" என்றார். நான் தாயிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் "நீங்களே பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முந்தைய நாள் இரவே பையன் தந்தை வீட்டுக்குப் போகட்டும் என்று இருவருக்கும் செய்தி அனுப்பினேன். பையன் போனான், மகிழ்ச்சியாக இருந்தான், மறுநாள் மாலை பத்திரமாகத் திரும்பினான். அடுத்த வாரம் தாய் மனுத் தாக்கல் செய்தார்.

இரவுத் தங்கலுக்கு நீதிமன்றம் அனுமதி அளிக்கவில்லை என்பது அவருடைய வாதம். தங்கல் கேட்டுத் தந்தை போட்ட மனு அப்போது நிலுவையில் இருந்தது. அந்த மனுவில் அவருடைய தரப்பு, "ஏற்கெனவே ஒருமுறை தங்கியிருக்கிறான், எந்தக் குறையும் இல்லை" என்று என் செய்தியையே ஆவணமாக இணைத்துவிட்டது. என் இரக்கம், நான் அறியாமலேயே, ஒரு பக்கத்தின் சாட்சியமாக மாறியிருந்தது. "ஆணையரம்மா ஜட்ஜா?" என்று அந்தத் தாய் கேட்டது அப்போதுதான். நீதிபதி என் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-வது கட்டளையைத் திறந்து, ஆணையரின் அறிக்கை நீதிமன்றம் எடைபோட வேண்டிய ஒரு சாட்சியம் மட்டுமே என்பதையும், ஆணையரிடம் ஒப்படைக்கக்கூடிய செயல்கள் எவை என்பதையும் எனக்கு நினைவூட்டினார். உத்தரவில் ஓர் இரவைச் சேர்ப்பது அவற்றில் அடங்காது. என் செய்தியை எந்தக் கணக்கிலும் எடுத்துக்கொள்ள முடியாது என்று பதிவு செய்துவிட்டு, தங்கல் மனுவை இரு தரப்பையும் கேட்டுத் தனியாகத் தீர்மானித்தார். அன்று நான் வெட்கப்பட்டேன். இன்று யோசித்தால், அந்தத் திருத்தம் அவ்வளவு விரைவாக வந்தது அந்தப் பையனுக்கு நேர்ந்த நன்மை என்றே நினைக்கிறேன், பாட்டியின் முகம் இப்போதும் நினைவில் வந்தாலும்.

பென்சில்வேனியா மாநிலத்தின் வரலாற்றை வாசித்தபோது எனக்கு இந்தத் தீபாவளிதான் நினைவுக்கு வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா ஒருங்கிணைப்பாளருக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த அதே 2013-ல், இரண்டு மாதம் கழித்து, மே 23 அன்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தின் விதி ஒன்று அவர்களை முற்றிலும் விலக்கியது. குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் முடிவெடுப்பவர் நீதிபதியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதே அந்த விதியின் சாரம். அதுவரை செய்யப்பட்டிருந்த நியமனங்களும் அன்றோடு முடிந்துபோயின. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒருங்கிணைப்பாளர் சொன்னதை ஆட்சேபிக்கும் பெற்றோருக்கு நீதிபதி முதலிலிருந்து புதிதாக விசாரணை நடத்தித் தர வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தது. ஆனால் ஒருங்கிணைப்பாளர்களை நீக்கினால் சில்லறைத் தகராறுகளும் நீங்கிவிடுமா? 2019 மார்ச் 1 முதல் அந்த மாநிலம் அவர்களைத் திரும்ப அழைத்தது, இம்முறை கடிவாளத்தோடு. இப்போது அங்கே அவர் செய்வது பரிந்துரை மட்டுமே. அதை எழுத்தில் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். ஆட்சேபிக்க ஐந்து நாட்கள் உண்டு. ஆட்சேபம் வந்தால் நீதிபதி பதிவுடன் கூடிய விசாரணை நடத்துகிறார். குழந்தை யாருடைய முதன்மைப் பொறுப்பில் இருக்கும் என்பதையோ, ஊர் மாற்றத்தையோ, மருத்துவம், கல்வி, மதம் ஆகியவற்றில் பெரிய முடிவுகளையோ அவர் தொட முடியாது.

ஆக, ஒரே பதவிக்கு இரண்டு விதமான மறுபரிசீலனை. ஓரிடத்தில் முடிவு உறுதியாக நிற்கிறது. அதை அசைக்கக் குறிப்பிட்ட வகைப் பிழையைக் காட்ட வேண்டும். மற்றோரிடத்தில் முடிவே இல்லை, பரிந்துரைதான். ஆட்சேபம் வந்தவுடன் நீதிபதி தாமே கேட்கிறார். நான் பென்சில்வேனியாவின் பக்கம்தான் சாய்கிறேன். ஒப்படைக்கப்பட்ட நீதி அதிகாரத்தை நீதிபதி வேறொருவரிடம் மறுபடி ஒப்படைக்கக் கூடாது என்ற பழைய கொள்கை அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், குழந்தை வழக்குகளில் சட்டப் பிழை என்றும் உண்மைப் பிழை என்றும் கோடு கிழிப்பது பெரும்பாலும் இயலாதது என்பதே. வகுப்பு இரண்டு மணி நேரமா மூன்று மணி நேரமா என்ற எளிய விவரத்தின் மேல்தான் குழந்தையின் சனிக்கிழமை முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில், 1973-லேயே நம் உச்ச நீதிமன்றம், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருட்களும் அல்லர் என்று சொல்லியது. குழந்தைப் பொறுப்பு உத்தரவுகள், சூழ்நிலை மாறினால் மாற்றத் தக்க தற்காலிகத் தன்மை உடையவை என்றும் சொல்லியது. நீதிபதியின் உத்தரவே மறுபடி பார்க்கத் தக்கது என்றால், நீதிபதி அல்லாதவரின் உத்தரவு அதைவிட உறுதியாக நிற்பதை நான் எப்படி ஏற்பேன்?

எதிர்வாதத்தின் வலிமையும் எனக்குத் தெரியும். கதவு அகலத் திறந்திருந்தால், பணமும் பிடிவாதமும் உள்ளவர் ஒவ்வொரு முடிவையும் நீதிமன்றத்துக்கு இழுப்பார். ஒருங்கிணைப்பாளருக்கும் கட்டணம், வழக்கறிஞருக்கும் கட்டணம் என்று இரட்டைச் செலவில் எளியவர் களைத்துப்போய் விட்டுக்கொடுப்பார். நம் ஊரில் ஒரு சந்திப்பு மனுவுக்கு எதிர்மனு வாங்கவே கோடை விடுமுறை கழிந்துவிடுகிறது. மே மாதத்தில் நீதிமன்ற விடுமுறையும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வருவதால், குழந்தையை அதிகம் பார்க்க வேண்டிய மாதத்தில்தான் நீதிபதியை அணுகுவதும் கடினமாகிறது. ஆகவே மறுபரிசீலனையின் அகலத்தைக் காட்டிலும் அதன் வேகத்தைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். பென்சில்வேனியாவின் ஐந்து நாள் கெடு எனக்குப் பிடித்ததும் அதனால்தான். நம் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாட்கள் இருக்கின்றன. ஆனால் இடைக்கால உத்தரவுகளுக்கு அந்த வழி மூடப்பட்டிருக்கிறது. சனிக்கிழமைகளைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இடைக்கால உத்தரவுகளே.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. ஒருங்கிணைப்பாளர் முதலில் சமரசம் பேசுகிறவர், பிறகு தீர்மானிக்கிறவர். சமரசப் பேச்சில் மனம் திறந்து, "உண்மையில் எனக்கு அந்த வகுப்பு முக்கியமில்லை, அவர் எதைச் சொன்னாலும் மறுக்க வேண்டும் போல இருக்கிறது" என்று ஒரு தாயோ தந்தையோ சொல்லிவிட்டால், அரை மணி நேரம் கழித்து அதே ஆள் அதை வைத்தே முடிவெழுதலாம். நம் 2023-ம் ஆண்டின் சமரசச் சட்டம் பேச்சின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது. சமரசம் செய்பவர் தீர்ப்புச் சொல்வதில்லை. இந்த இரண்டு பாத்திரங்களையும் ஒருவரிடம் சேர்த்தால், மறுபரிசீலனை செய்யும் நீதிபதிக்கு எது வாக்குமூலம், எது புலம்பல் என்று பிரித்துப் பார்க்க வழி வேண்டும். எழுதப்பட்ட காரணங்கள் இல்லாமல் அது நடக்காது. தீபாவளியன்று நான் அனுப்பிய செய்தியில் காரணம் என்று ஒரு சொல்கூட இல்லை.

2015 மே மாதத்தில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில் கூட்டுப் பொறுப்பையும், பெற்றோர் வளர்ப்புத் திட்டங்களையும், சமரசத்தையும் பற்றி விரிவாகப் பேசியது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பார்க்கும் உரிமையோடு பேசும் உரிமையும் முக்கியம் என்றும், குழந்தையோடு நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் பேச வழி வேண்டும் என்றும் சொன்னது. இவை நடைமுறைக்கு வர வர, வீடியோ அழைப்பு ஏன் ஏழு நிமிடத்தில் துண்டிக்கப்பட்டது என்று விசாரிக்க ஒருவர் தேவைப்படுவார். அந்த ஒருவருக்கு நாம் பெயர் வைக்காவிட்டாலும் அவர் வந்துவிடுவார். ஆணையர் என்றோ ஆலோசகர் என்றோ, வரம்பு எழுதப்படாத ஒரு நியமனத்தோடு வருவார். எனக்கு அச்சம் தருவது அந்த எழுதப்படாத வரம்புதான். வெளிநாட்டுச் சட்டங்களில் ஒருங்கிணைப்பாளர் எதைத் தொடக்கூடாது என்பது வரி வரியாக இருக்கிறது. என் நியமன உத்தரவில் "சந்திப்பைக் கண்காணித்து அறிக்கை தர வேண்டும்" என்ற ஒரு வரிதான் இருந்தது.

டீச்சரின் மகள் முடிவை நீக்கக் கோரி நீதிமன்றம் செல்லவில்லை. அங்குள்ள வழக்கறிஞர் என் குறிப்பில் இருந்ததையே கேள்வியாக்கி ஒருங்கிணைப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்; குழந்தையிடம் பேசிவிட்டு முடிவை மறுபடி பார்ப்பதாக அவர் பதில் தந்திருக்கிறார். பேத்தி என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாது. "அவ வேண்டாம்னு சொல்லிட்டா?" என்று டீச்சர் நேற்று மாடிப்படியில் நின்று கேட்டார். சொன்னால் அதையும் ஒருவர் எழுதி வைக்க வேண்டும் டீச்சர், என்றேன்.

நான் இப்போதெல்லாம் ஆணையர் நியமனம் கோரும் கூட்டுக் குறிப்பாணைகளில் ஒரு பத்தி சேர்க்கிறேன். சந்திக்கும் இடத்தையும், அரை மணி நேரத்துக்கு உட்பட்ட நேர மாற்றத்தையும் ஆணையர் முடிவு செய்யலாம். காரணத்தை இரண்டு நாட்களுக்குள் எழுத்தில் இரு தரப்புக்கும் தர வேண்டும். ஐந்து நாட்களுக்குள் ஆட்சேபம் வந்தால் அடுத்த வேலை நாளில் நீதிபதியின் முன் பட்டியலிட வேண்டும். அதுவரை ஆணையரின் முடிவு நிற்கும். ஓர் இரவைக் கூட்டுவதாகவோ குறைப்பதாகவோ இருந்தால் மட்டும், நீதிபதி கேட்கும்வரை மூல உத்தரவே நிற்கும். சென்ற ஆண்டு இரண்டு வழக்குகளில் இதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது வழக்கில் நீதிபதி ஐந்து நாட்களை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.